கனமும் கதியும்

தமிழிலே கனம் என்பது நிறையை மட்டுங் குறிக்கும் சொல்லன்று. நீதவானைக் கனம் என்று விளிப்பர். சமூகத்திற் பெரியவரைக் கனவான் என்பர். நல்ல கட்டுரையொன்றைக் கனதியானது என்று திறனாய்வாளர் மெச்சுவர். இலேசு என்ற சொல்லுக்கோ இந்த மரியாதை கிடையாது. இலேசான எழுத்து, இலேசான மனிதர் என்றால் அது பாராட்டாகாது. மொழியிற் படிந்துகிடக்கும் இம்மனப்பாங்கு மோட்டார்க் காரைப் பற்றிய பேச்சிலும் அப்படியே புகுந்திருக்கிறது. கார் வாங்கச் செல்பவர் முதலிற் செய்வது யாது? கதவைத் திறந்து அடித்துச் சாத்திப் பார்க்கிறார். ஓசை கனமாக எழுந்தால் முகம் மலர்கிறது. மெல்லியதாக எழுந்தால் 'வெறுந் தகரம்' என்று உதட்டைப் பிதுக்குகிறார். இதனை நன்கறிந்த கார்க் கம்பனிகள் கதவு சாத்தும் ஓசையைச் செப்பனிடுவதற்கென்றே பொறியியலாளரை அமர்த்தியிருக்கின்றன.

காதுக்கு இன்பமளிக்கும் அந்த ஓசைக்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் மறைந்து நிற்கின்றன. கார் எவ்வளவு கனத்தாலும் எஞ்சினின் வலுவைக் கூட்டி அதனை ஈடுசெய்துவிடலாம் என்பது ஒன்று. கனமே உயிருக்குக் காப்பு என்பது மற்றையது. முன்னது பௌதிகவியலைப் பாதியிலே நிறுத்திய வாதம்; பின்னது பிறர் செலவில் வாழும் வாதம். இரண்டும் இன்று அறிஞர் வாயிலும் விளம்பரகாரர் வாயிலும் ஒரே குரலில் ஒலிப்பதனாலேயே அவற்றை மறுப்பது அவசியமாகிறது.

பாடசாலையிற் கற்ற நியூற்றனின் இரண்டாம் விதியே முன்னதற்கு விடை பகரப் போதுமானது. விசை என்பது திணிவினதும் ஆர்முடுகலினதும் பெருக்கம். எனவே ஆர்முடுகலைக் கூட்ட இரு வழிகள் உண்டு: விசையைப் பெருக்கலாம், அல்லது திணிவைக் குறைக்கலாம். நேரான வீதியிலே, புறப்படும் கணத்திலே, இவ்விரண்டும் ஒரே பயனைத் தருவன போலவே தோன்றும். வலுவின் அடியார்கள் தம் வாதத்தை நிறுத்திக்கொள்ளும் இடமும் அதுவே. ஆனாற் கார் புறப்படுவதற்காக மட்டும் செய்யப்படுவதில்லை. அது நிற்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளந் திட்டிகளில் ஏறி இறங்கவும் வேண்டும். நிற்கும்போது எஞ்சினின் பரிவலுவாற் பயனில்லை. ஓடும் காரின் இயக்கசக்தி முழுவதையும் பிறேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். வேகம் ஒன்றாயின் அச்சக்தி திணிவுக்கு நேர்விகிதமானது. திரும்பும்போது நிலைமை இன்னும் மோசமாகும். டயரின் பிடிப்பு அதன்மேற் சுமத்தப்படும் பாரத்தோடு கூடும் என்பது உண்மையே. ஆயினும் பாரம் கூடும் அதே விகிதத்தில் அது கூடுவதில்லை. பாரம் இரட்டித்தாற் பிடிப்பு இரட்டிக்காது. ஆகவே கனத்த கார் வளைவிலே கடனாளியாகிறது. அக்கடனை அகன்ற டயர், பெரிய பிறேக், விறைப்பான வில் என்பவற்றைக் கொண்டு அடைக்க முயல்வர். அவையோ மீண்டும் கனத்தையே கூட்டும்.

அண்மைக்கால உதாரணமொன்று இதனை விளக்கும். பி.எம்.டபிள்யூ கம்பனியின் எம்5 என்னும் கார் 1985இல் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தபோது ஏறத்தாழ 1,430 கிலோ நிறை கொண்டிருந்தது. வலு 286 பரிவலு. 2024இல் வெளிவந்த அதன் புதிய தலைமுறை, எஞ்சினுடன் மின்மோட்டாரையும் பெரிய பற்றரியையும் சுமந்துகொண்டு 2,435 கிலோவாக வளர்ந்துவிட்டது. வலுவோ 727 பரிவலு. இதற்கு முந்திய தலைமுறையின் 'கொம்பெற்றிசன்' வகை 625 பரிவலுவே உடையது. எனினும் நிறையில் 500 கிலோவுக்கு மேற் குறைந்தது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட முந்தியது 3.3 செக்கன் எடுத்தது, புதியது 3.5 செக்கன் எடுக்கிறது. நூறு பரிவலுவை மேலதிகமாகப் பெற்ற கார் தன் முன்னோரைவிடப் பிந்தி வருகிறது! வலுவாற் கனத்தை வெல்லலாம் என்போர் தெரிவுசெய்த நேர்வீதிப் போட்டியிலேயே நிகழ்ந்த தோல்வி இது. நிறுத்தும்போது நிகழ்வதை எண்ணிப் பார்த்தால், 1985ஆம் ஆண்டுக் காரிலும் 1.7 மடங்கு சக்தியை அதே வேகத்திற் புதிய காரின் பிறேக்குகள் தணிக்க வேண்டியிருக்கிறது.

இக்கனம் ஒரே நாளில் வந்து ஏறியதன்று. வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியை நினைவூட்டியிருப்பது இங்கே கருதத்தக்கது. இறகு கனமற்றது என்பதே அவ்வுவமையின் கூர்மை. அச்சை முறிப்பது எந்த இறகு என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. காரின் கதையும் அதுவே. மின்சாரத்தால் அசையும் ஆசனம் ஓர் இறகு. ஓசை புகாதிருக்க ஒட்டிய தடித்த விரிப்பு இன்னோர் இறகு. கூரையில் விரியும் கண்ணாடி, சில்லின் விட்டத்தைப் பெருக்கும் அலங்காரம் என ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதாகத் தோன்றும். 1974இல் வந்த முதலாவது வொக்ஸ்வாகன் கோல்ப் 800 கிலோவை எட்டாதது; 2019இல் அறிமுகமான எட்டாந் தலைமுறை 1,200 கிலோவைத் தாண்டியது. மோதலைத் தாங்கும் சட்டகமும் காற்றுப்பைகளும் இதில் ஒரு பங்கைக் கொண்டன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எஞ்சிய பங்கிற்குப் பாதுகாப்பைச் சாட்டாகக் கூறுவது நேர்மையன்று. 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஏறத்தாழ ஒரு தொன் நிறை கொண்டிருந்தது. 2015இல் வந்த அதன் நான்காந் தலைமுறையும், இடைக்காலத்திற் கடுமையாகிய பாதுகாப்பு விதிகள் யாவற்றுக்கும் அமைந்தபின்னும், அதே அளவிலேயே நிற்கிறது. ஓர் இருபத்தைந்து ஆண்டுக்காலம் ஒவ்வோர் ஆணியையும் தராசில் இட்டுப் பார்த்த பொறியியலாளர் இருந்தமையே இதற்குக் காரணம். வேறு மந்திரம் எதுவுமில்லை.

கனம் கனத்தைப் பெறுவது போலவே இலேசும் இலேசைப் பெறும் என்பதனை வலுவின் அடியார்கள் மறந்துவிடுகின்றனர். உடல் இலேசானாற் சிறிய வில் போதும். சிறிய பிறேக் போதும். சிறிய எரிபொருட் தாங்கி போதும். ஈற்றிற் சிறிய எஞ்சினே போதும். முதலில் எடுத்த ஐம்பது கிலோ பின்னர் இன்னுஞ் சில கிலோவை இழுத்துக்கொண்டு வெளியேறும். எஞ்சினுக்குக் கூட்டும் பரிவலுவுக்கு இக்குணம் இல்லை. அது தன்னுடன் பெரிய கதிர்த்தியையும் தடித்த தண்டுகளையும் அழைத்துக்கொண்டு வரும்.

இலேசு என்பது பந்தயக்காரரின் பைத்தியம், சாதாரண மனிதருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை என்று வாதிடுவோர் சித்திரோயன் 2சிவி காரின் வரலாற்றை அறியாதவராதல் வேண்டும். 1930களில் அக்கம்பனியின் தலைமையில் இருந்த பியர் பூலாஞ்சே தம் பொறியியலாளரிடம் கேட்டது பந்தயக் காரை அன்று. இரண்டு விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றி, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், நூறு கிலோமீற்றருக்கு மூன்று லீற்றர் பெற்றோலில் ஓடவேண்டும். உழுத வயலைக் கடந்தாலும் கூடையில் உள்ள முட்டை உடையலாகாது. வறியவரின் தேவையிலிருந்து பிறந்த வரையறை இது. அதற்கு விடைதேடியோர் இலேசையே சரணடைந்தனர். போருக்கு முந்திய மாதிரிக் கார்களில் முன்விளக்கு ஒன்றே இருந்தது. சட்டம் ஒன்றைத்தான் கேட்டது என்பது அவர்கள் நியாயம். 1948இல் பாரிஸ் கண்காட்சியில் அக்கார் வெளிப்பட்டபோது எள்ளி நகையாடியோர் பலர். 375 கனசெந்திமீற்றர் எஞ்சின், ஒன்பது பரிவலு, ஏறத்தாழ 500 கிலோ நிறை. நகைத்தவர்கள் மறைந்தனர், கார் 1990 வரை உற்பத்தி செய்யப்பட்டது. செயற்றிறன் என்பதற்குச் செக்கன் கணக்கு மட்டுமே அளவுகோல் என்று யார் விதித்தார்? ஒன்பது பரிவலுவைக்கொண்டு ஒரு குடும்பத்தையும் அதன் விளைச்சலையும் சந்தைக்குக் கொண்டுசெல்வதும் செயற்றிறனே.

இலங்கை வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரை ஆக்கிய அலெக் இசிகோனிஸ் 1959இல் உருவாக்கிய மினியும் இவ்வழியில் வந்ததே. எஞ்சினைக் குறுக்காக வைத்து, பத்து அங்குலச் சில்லுகளைப் பூட்டி, ஏறத்தாழ 600 கிலோவுக்குள் நால்வர்க்கு இடங்கண்டார் அவர். சிக்கனத்திற்கெனப் பிறந்த அவ்வண்டியின் கூப்பர் எஸ் வகை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ றலியை வென்றது. 1964இல் அது முந்தியது எட்டு உருளைகொண்ட அமெரிக்க போர்ட் காரை. சிறிய எஞ்சினுக்குச் சலுகை அளித்த புள்ளிக் கணக்கும் அவ்வெற்றிக்கு உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பனி மூடிய மலைவளைவுகளில் நாலில் ஒரு பங்கு எஞ்சினைக்கொண்ட கார் அப்பெருங்காரின் குதிகாலை மிதித்துக்கொண்டு ஓடியதே, அதற்கு எந்தப் புள்ளிக் கணக்கும் உதவியிருக்க முடியாது.

இதுவரை கூறியவற்றால் இலேசு எப்போதும் புண்ணியம் என்று கொள்வது பெருந்தவறாகும். இலேசின் பேராற் செய்யப்பட்ட பாவங்களும் உண்டு. அவற்றை மூடிவைத்து அதற்காக வாதாடுவது வழக்கறிஞர் தொழிலேயன்றி ஆராய்ச்சியன்று. லோட்டஸ் கம்பனியை நிறுவிய கொலின் சப்மன் இலேசின் தீர்க்கதரிசி எனப் போற்றப்படுபவர். எளிமையாக்கிய பின் இலேசைச் சேர்க்க வேண்டும் என்ற கோட்பாடு அவர் பெயராலேயே வழங்குகிறது. 1962இல் அவர் அமைத்த லோட்டஸ் 25, குழாய்ச் சட்டகத்தைக் கைவிட்டுக் காரின் உடலையே சட்டகமாக்கிப் போர்முலா வண் பந்தயத்தின் போக்கையே மாற்றியது. அவருடைய மேதைமையை எவரும் மறுக்கார். ஆனால் அக்கார்களை ஓட்டியவர்கள் அம்மேதைமைக்குக் கொடுத்த விலை யாது?

யோகன் றின்ட் என்னும் சாரதி 1969 மே மாதத்தில் சப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே பார்சலோனாவில் நடந்த பந்தயத்தில் அவரது காரின் பின்சிறகு ஒடிந்து, கார் நொறுங்கி, அவர் காயமுற்றிருந்தார். லோட்டஸ் கார்கள் போதிய வேகம் உடையவை; நலிந்த பாகங்களை வலுப்படுத்தச் சில இறாத்தல் நிறையைக் கூட்டினாலும் போட்டியில் அவை பின்தங்கா; தமக்கு நம்பிக்கையுள்ள காரையே தம்மால் ஓட்ட இயலும் என்பது அக்கடிதத்தின் சாரம். கேட்டது சில இறாத்தல். அடுத்த ஆண்டு செப்ரெம்பர் 5ஆந் திகதி இத்தாலியின் மொன்சாத் திடலில், பயிற்சி ஓட்டத்தின்போது, பிறேக் பிடித்த கணத்தில் அவரது லோட்டஸ் 72 திசைமாறித் தடுப்புவேலியில் மோதியது. அக்காரில் முன்பிறேக்குகள் சில்லோடு பொருத்தப்படாமல் உடலின் உட்புறத்தே வைக்கப்பட்டிருந்தன. சில்லு சுமக்கும் பாரத்தைக் குறைப்பதே அதன் நோக்கங்களில் ஒன்று. பிறேக்கையும் சில்லையும் இணைத்த தண்டு முறிந்ததென்று இத்தாலிய விசாரணை கண்டது. வேலி செவ்வையாக அமைக்கப்படாமையும் சாவுக்குத் துணைபோயிற்று. அவ்வாண்டின் உலகச் சாம்பியன் பட்டம் இறந்தவருக்கே வழங்கப்பட்டது.

சாரதி ஒருவர் கேட்ட சில இறாத்தலை மறுக்கும் உரிமை வடிவமைப்பாளருக்கு உண்டா என்பதே இங்கெழும் வினா. கதவின் கனத்த ஓசைக்காகச் சுமத்தப்படும் இருபது கிலோவும், தண்டு முறியாதிருக்க வேண்டிய இரண்டு கிலோவும் தராசில் ஒரே வகை நிறையாகவே தோன்றும். தராசுக்கு இவ்வேறுபாடு தெரியாது. மனிதருக்குத் தெரியவேண்டும். உலோகத்திலிருந்து குறைக்க முடியாதபோது மனித உடலிலிருந்து குறைக்கத் துணிந்ததும் பந்தய உலகிலே நிகழ்ந்தது. காரின் குறைந்தபட்ச நிறைக்குள் சாரதியின் நிறையும் அடங்கியிருந்த காலத்தில் உயர்ந்த உடலமைப்புக் கொண்டவர்கள் பட்டினி கிடந்து இளைத்தனர். 2019இலேதான் சாரதியும் ஆசனமும் சேர்ந்து 80 கிலோவாகக் கணக்கிடப்பட வேண்டும், குறைந்தால் எடைக்கட்டி வைத்து நிரப்ப வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு வேளை உணவை ஒருவர் கைவிட்டால் ஒரு சுற்றில் செக்கனின் எத்தனையாவது பங்கு மிச்சமாகும் என்று கணக்கிட்ட மூளைகளுக்கு வெட்கம் வர இவ்வளவு காலம் எடுத்தது.

ஆயினும் இப்பாவங்களைக் காட்டிக் கனத்துக்கு வக்காலத்து வாங்குவோரும் வெல்லப்போவதில்லை. றின்ட் மாண்ட அதே மொன்சாவில், பதினொரு ஆண்டுகளின் பின் 1981இல், ஜோன் வொற்சன் ஓட்டிய மக்லாரன் கார் வேலியில் மோதி இரண்டாகப் பிளந்தது. எஞ்சின் கழன்று பாதையின் குறுக்கே போயிற்று. சாரதி காயமின்றி நடந்து வெளியேறினார். ஜோன் பார்னாட் வடிவமைத்த அக்காரின் உடற்கூடு காபன் நாரினால் ஆனது. போர்முலா வண் பந்தயத்தில் அவ்வகையில் அதுவே முதலாவது. காபன் நார் மோதலிற் பொடிப்பொடியாகும் என்று அதுவரை கூறிவந்த ஐயவாதிகளின் வாய் அன்று அடைபட்டது. அலுமினியத்திலும் இலேசான பொருள் அலுமினியத்திலும் உறுதியாக நின்றது. இலேசுக்கும் உயிர்க்காப்புக்கும் இயற்கையிற் பகையில்லை. பகையை மூட்டியது அவசரமே.

இனிக் கனமே காப்பு என்ற வாதத்தை நோக்கலாம். இவ்வாதத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது; அதனாலேயே அது ஆபத்தானது. 2,500 கிலோக் காரும் 1,250 கிலோக் காரும் நேருக்குநேர் மோதினால், உந்தக்காப்பு விதியின்படி, சிறிய காரின் வேகமாற்றம் பெரிய காரினதைப் போல் இருமடங்காகும். ஆகவே பெரிய காரில் இருப்பவர் தப்புவதற்கு வாய்ப்பு அதிகம். உண்மைதான். அவர் தப்பிய ஆபத்து எங்கே போயிற்று? அது அழிந்துவிடவில்லை, எதிரே வந்தவரிடம் கைமாறியது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர் இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இக்கைமாற்றத்துக்குக் கணக்கெழுதியது. மோதும் வாகனம் ஆயிரம் இறாத்தல் கூடுதலாகக் கனத்தால், மோதப்பட்ட வாகனத்தில் இருப்போர் இறக்கும் வாய்ப்பு 47 சதவீதத்தால் உயர்கிறது என்று அது கண்டது. வீதியில் அயலவர் கனத்த காரை வாங்கினால் அடுத்த வீட்டார் அதனிலும் கனத்ததை வாங்கவேண்டிய நிலை இவ்வாறே தோன்றுகிறது. நாடுகளுக்கிடையே இதனை ஆயுதப்போட்டி என்பர்; வீதியில் மட்டும் இதற்குக் குடும்பப் பாதுகாப்பு என்று பெயர். இப்போட்டியிற் சேரவே முடியாதவர்கள் இருக்கிறார்கள்: பாதசாரி, சைக்கிளில் செல்பவர், முச்சக்கர வண்டிச் சாரதி. அவர்களுக்கு எந்தக் கம்பனியும் இரண்டு தொன் உருக்கை மாட்டிவிடுவதில்லை.

மின்சாரக் கார் வந்தபின் இப்பிரச்சினை புதுமுகம் பெற்றுள்ளது. பற்றரி கனமானது, அதற்கு இன்றைய இரசாயனம் வேறு வழி விடவில்லை என்பது மெய். ஆனால் ஜி.எம்.சி. ஹமர் மின்காரின் நிறை 4,000 கிலோவைத் தாண்டுவதற்கு இரசாயனத்தைக் குறைகூறுவது பொருந்தாது. அதன் பற்றரி மட்டும் 1,300 கிலோவுக்கு மேற்பட்டது. அதாவது சிறிய கார் ஒன்று முழுவதையும் வயிற்றில் விழுங்கிக்கொண்டு அது ஓடுகிறது. அத்தகைய மலையை மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்துக்கு மூன்று செக்கன் அளவில் எழுப்பிவிட முடிவதைச் சாதனை என்று விளம்பரஞ் செய்தனர். 2023 ஜனவரியில் அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் தலைவரே இக்காரின் பற்றரியை எடுத்துக்காட்டி, பெருகிவரும் கனம் வீதியிற் செல்லும் அனைவருக்கும் ஆபத்து என எச்சரித்தார். புகையில்லை என்பதனாற் கனம் மன்னிக்கப்படுவதில்லை.

கனத்தின் செலவை இலங்கையர் ஒருமுறை தம் கண்ணாலேயே கண்டனர். 2022இல் எரிபொருள் அற்றுப்போய், கியூஆர் குறியீட்டின்படி பங்கிடப்பட்டபோது, தொடக்கத்திற் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று விதிக்கப்பட்டது. கார் என்ற வகுப்பில் அடங்கிய யாவற்றுக்கும் அளவு ஒன்றே. வாசலில் நின்று பெருமையளித்த கனத்த கார்கள் அந்த 20 லீற்றரை நாலு நாளிற் குடித்துவிட்டு முடங்கின. 'தகரம்' என்று இகழப்பட்ட சிறிய அல்ட்டோக்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் நோயாளரை வைத்தியசாலைக்கும் ஏற்றிக்கொண்டு கிழமை முழுதும் ஓடின. வரிசையில் இரவு விழித்தவர்களுக்கு ஆர்முடுகல் பற்றிய விரிவுரை வேறு தேவைப்படவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இலேசு இன்று செல்வரின் அணிகலனாகிவிட்டது. 1973இல் போர்ஷே தன் 911 கரேரா ஆர்எஸ் காரிலே மெல்லிய உருக்கையும் மெல்லிய கண்ணாடியையும் இட்டு, கதவின் உட்பிடியைக்கூடக் கழற்றி வெறும் பட்டியைக் கட்டியது பந்தயத்தை மனங்கொண்டு. இன்றோ அதே கம்பனி காபன் நார்ப் பாகங்களையும் மகனீசியச் சில்லுகளையும் மேலதிக விலைக்குப் பொதியாக விற்கிறது. பொருள் குறையக் குறையப் பணம் கூடுகிறது. வறியவனுக்கு வாங்கக்கூடியது கனத்த பழங்கார். செல்வன் வாங்குவது வெற்றிடம். பூலாஞ்சே விவசாயிக்கெனத் தேடிய குணத்தைச் செல்வர் கண்காட்சிக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டனர்.

பாரிஸ் நகரமோ வேறொரு தராசைக் கையிலெடுத்துள்ளது. 2024 பெப்ரவரி 4ஆந் திகதி நடந்த வாக்கெடுப்பின்படி, அவ்வாண்டு ஒக்ரோபர் முதலாந் திகதியிலிருந்து, 1.6 தொன்னுக்கு மேற்பட்ட எஞ்சின் கார்களுக்கும் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட மின்கார்களுக்கும் வெளியூரார் செலுத்தும் தரிப்புக் கட்டணம் மும்மடங்காக்கப்பட்டது. நகரின் மையத்தில் அது மணிக்கு 18 யூரோ. வாக்களித்தோர் ஆறு சதவீதத்தையும் எட்டவில்லை, ஆகவே இது மக்கள் தீர்ப்பன்று என்று காரோட்டிகளின் சங்கங்கள் கூச்சலிட்டன. அக்குறை மெய்யானதே, நகரவாசிகளின் கார்களுக்கு விலக்களித்தமையும் நீதியாகத் தோன்றவில்லை. ஆனாற் சங்கங்கள் எழுப்பிய கூச்சலில் ஒன்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கார்கள் அவ்வளவு கனமாக இருக்க வேண்டியது ஏன் என்பதற்கு அவர்களுள் எவரும் காரணங் கூறவில்லை.